அழையா விருந்தாளியின் ஆட்சி

ஒவ்வொரு பிராணியின் உயிரணுவிலும் குரோமோசோம்கள் இத்தனை என்று இயற்கை விதித்த கணக்கு உண்டு. தாய் வழியிற் பாதி, தந்தை வழியிற் பாதியாக அவை ஜோடி ஜோடியாய் நிற்கும். இக்கணக்கிற் சேராத உபரிக் குரோமோசோம்களை 1907-ல் அமெரிக்க விஞ்ஞானி எட்மண்ட் வில்ஸன் ஒரு பூச்சியினத்திற் கண்டார். மக்காச்சோளத்தை ஆராய்ந்த ராண்டால்ப் 1928-ல் அவற்றுக்கு 'பி' குரோமோசோம் என்று பெயரிட்டார். ஓரினத்து மீன்களில் சிலவற்றுக்கு அவை இருக்கும், சிலவற்றுக்கு இரா. இல்லாத மீனும் சுகமாகவே வாழும். ஆதலின், உழைப்பின்றி உண்ணும் ஒட்டுண்ணிகள் என்று அவற்றை அறிஞர் பலர் ஒதுக்கினர். அது அவசரத் தீர்ப்பு என்பதே நமது அபிப்பிராயம். நன்னீர் மீன்களே அதற்குச் சாட்சி.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலுள்ள சிக்லிட் மீன்களிற் சில இனங்களில் இந்த உபரி பெண் மீன்களிடம் மட்டுமே காணப்படுகிறது. காரணம் சூக்ஷ்மமானது. பெண்ணின் உடலில் கருவணு பிரிகையில் ஒரு பங்கே முட்டையாகும். ஏனையவை வீணாய் ஒழியும். முட்டையாகும் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும் வித்தை தெரிந்த உபரி, சந்ததியிற் பாதிக்கு மேல் குடியேறிவிடுகிறது. ஆணிடம் இதற்கு இடமில்லை. அங்கே எல்லாப் பங்கும் விந்தணுவாகும். எனவே, தான் தங்கிய மீனைப் பெண்ணாக்கிவிடுவதே உபரிக்கு லாபம். விக்டோரியா ஏரியின் ஓரினத்தில் அது அப்படியே செய்வதாக 2011-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. வியாபாரத்துக்கு வந்தவர் ஆட்சியைப் பிடித்த கதை நம் தேசத்தார்க்குப் புதிதன்று! ஆயினும் உவமையை நீட்டுவதற்கில்லை. இவை அயலார் அல்ல. பெரும்பாலும் மீனின் சொந்தக் குரோமோசோம்களின் துண்டுகளும் பிரதிகளும் சேர்ந்து திரண்டவையே.

மெக்ஸிகோவிலோ விஷயம் நேர்மாறு. அங்கே பாச்சோன் குகையின் இருண்ட நீரில், கண்ணும் நிறமும் இழந்த சிறு மீன் ஒன்று வாழ்கிறது. அதை ஆணாக்குவதே உபரிக் குரோமோசோம்தான் என்று 2021-ல் தெரியவந்தது. 'ஜி.டி.எப். 6 பி' என்னும் ஜீனின் இரு பிரதிகள் அதில் ஏறி அமர்ந்திருக்கின்றன. அந்த ஜீனை ஆராய்ச்சியாளர் சிதைத்தபோது, ஆணாக வேண்டிய மீன்கள் பெண்களாயின. மீனுக்கு அவசியமில்லாதது என்று எண்ணப்பட்ட பொருளின்றி அக்குகையில் ஆண் மீனே பிறவாது போலும்!

சில பூச்சியினங்களில் ஆண்பாலுக்குரிய 'ஒய்' குரோமோசோமே ஆதியில் இத்தகைய உபரியாக இருந்திருக்கலாம் என்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர்.