பல்லில் கூடை, சேற்றில் இறால்!

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பிள்ளைகளே! இந்த ஞாயிறு ஏரிக்குப் போவோமா? செம்பரம்பாக்கம் இல்லை, பழவேற்காடு! சென்ட்ரல் போய், கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பஸ்.

படகு மட்டும் கற்பனைப் படகு. ஏன் தெரியுமா? 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதித்தார்கள். அதனால் கண்ணை மூடுங்கள், புறப்படலாம்.

இது உப்பு நீர் ஏரி. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஆனாலும் பல இடங்களில் நின்றால் உங்கள் கழுத்து வரைதான் தண்ணீர்!

அதோ, தண்ணீருக்கு மேல் தலைகள் மட்டும் தெரிகின்றனவே, யார் அவர்கள்? இருளர் பழங்குடி மக்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. தண்ணீரில் உட்கார்ந்தபடியே இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுகிறார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டதும் 'லபக்'! சரி, பிடித்த இறாலை எங்கே போடுவது? கைதான் இரண்டும் வேலையாக இருக்கிறதே! பனை ஓலையில் முடைந்த 'பறி' என்ற கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். இறால் அதற்குள் போய்விடும். நீங்கள் ஒரு பென்சில் டப்பாவைப் பத்து நிமிடம் பல்லில் கடித்துப் பாருங்கள், தாடை என்ன சொல்கிறது என்று! இவர்கள் மணிக்கணக்கில் கடித்திருக்கிறார்கள். கெளுத்தி மீனின் முள்ளும், உடைந்த கண்ணாடியும் கையைக் கிழிப்பதும் உண்டு.

மீனவர் கிராமங்களில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறையில் இருளருக்கு இடமில்லை. அவர்களுக்குக் கைதான் வலை.

இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் குஞ்சு வராது. பறியும் காலிதான்.

கிழக்கே தெரிவது ஸ்ரீஹரிகோட்டா. 1971-இல் முதல் ராக்கெட் கிளம்பிய தீவு! அதற்கு முன் அந்தக் காட்டில் ஏனாதி பழங்குடியினர் வாழ்ந்தார்கள். ஏவுதளத்துக்காக அவர்களை வேறிடங்களில் குடியமர்த்தினார்கள்.

கரை வந்துவிட்டது. கண்ணைத் திறக்கலாம். அடுத்த முறை மீன் கடையில் "பழவேற்காடு இறால்" என்று கூவினால், கேட்டுப் பாருங்கள்: "வலையில் பிடித்ததா அண்ணா, கையில் பிடித்ததா?"