நேத்ரா குமணனின் 21ஆம் இடத்தை எப்படிப் படிப்பது?

2024 ஆகஸ்டில் பிரான்சின் மார்செய் கடலில் நடந்த ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டியில், ஐஎல்சிஏ 6 என்ற பெண்கள் பிரிவில் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 43 பேரில் 21ஆவதாக வந்தார். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன் டோக்கியோ ஒலிம்பிக்கில் அவருடைய இடம் 44 பேரில் 35. பதக்கம் இல்லாத எண் என்றாலே உதட்டைப் பிதுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. இந்த இரண்டு எண்களையும் அப்படித் தள்ளிவிட முடியாது. காரணம் தெரிய, பந்தயம் நடக்கும் விதம் தெரிய வேண்டும்.

பனிமலையில் சறுக்கும் பந்தயத்தில் ஆள் தனியாக இறங்குவார், எதிராளி கடிகாரம்தான். பாய்மரப் பந்தயத்தில் நாற்பது சொச்சம் படகுகள் ஒன்றாகப் புறப்படுகின்றன. நேரம் கணக்கில் இல்லை, யார் முன்னால் வந்தார் என்பதே கணக்கு. படகுகள் எல்லாம் ஒரே அச்சு: நீளம் சுமார் 4.2 மீட்டர், வெற்றுப் படகின் எடை 59 கிலோ, பாயின் பரப்பு 5.76 சதுர மீட்டர், ஒரே ஆள். நல்ல படகு வாங்கி ஜெயித்துவிட்டார் என்று யாரையும் சொல்ல முடியாது.

படகு ஒன்றுதான், காற்று ஒன்றல்ல. ஒரே கடலில் இருநூறு மீட்டர் தள்ளி இருப்பவருக்கு வேறு காற்று கிடைக்கும். எதிர்க்காற்றில் எந்தப் பாய்மரப் படகும் நேராகப் போகாது. இடமும் வலமும் மாறி மாறி வளைந்துதான் ஏற வேண்டும். எந்தப் பக்கம் முதலில் திரும்புவது, எப்போது திரும்புவது என்ற முடிவிலேயே பாதிப் பந்தயம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி தொடையில் இருக்கிறது. காற்று அழுத்தும்போது படகு கவிழாமலிருக்க, உள்ளே இருக்கும் பட்டையில் பாதத்தை மாட்டிக்கொண்டு உடம்பை முழுக்க வெளியே சாய்க்க வேண்டும். ஒரு கையில் சுக்கான், மறு கையில் பாய்க்கயிறு, முதுகுக்குக் கீழே கடல். ஒரு பந்தயம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகும். ஒரே நாளில் இரண்டு நடக்கும்.

காற்றில் அதிர்ஷ்டமும் கலந்திருப்பதால் ஒரே பந்தயத்தில் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒலிம்பிக்கில் இந்தப் பிரிவுக்குப் பத்துப் பந்தயங்கள் வரை வைத்து, முதல் இடத்துக்கு ஒரு புள்ளி, இருபதாம் இடத்துக்கு இருபது என்று கூட்டுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் மிக மோசமான ஒரு பந்தயம் கழிக்கப்படும். புள்ளி குறைந்தவரே முன்னால். முதல் பத்துப் பேர் மட்டும் இறுதிப் பதக்கப் பந்தயத்துக்குப் போவார்கள். அதில் புள்ளி இரட்டிப்பு.

பல முறை பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இந்த நியாயம் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டு மீனவர்களுக்குப் புதிதல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் ஏரியில் வலை போடும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் ‘பாடு’ என்று பெயர். ஓர் இடத்தில் இறால் அள்ளும். இன்னோர் இடத்தில் வலை நனைந்ததுதான் மிச்சம். ஒரு நாளை வைத்து யாரும் யாரையும் கெட்டிக்காரர் என்பதில்லை. முறை சுற்றி முடியும்போதுதான் கைத்திறன் தெரியும்.

டோக்கியோவில் நேத்ரா ஒரே நாளில் ஒரு பந்தயத்தில் 15ஆவதாகவும் அடுத்ததில் 40ஆவதாகவும் வந்தார். முன்னணியோடு மோதும் திறமை இருந்தது, தினமும் அதைத் தக்கவைப்பதுதான் பிடிபடவில்லை. மார்செயில் முதல் பந்தயத்தையே ஆறாவதாக முடித்தார். மொத்தத்தில் நடுவரிசைக்கு முன்னேறியதன் பொருள், மோசமான நாட்கள் குறைந்தன என்பதே. இந்த விளையாட்டில் அதைவிடக் கடினமான முன்னேற்றம் இல்லை என்பேன்.

1997இல் பிறந்த நேத்ரா, 2009இல் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடைக்கால முகாமில்தான் முதலில் படகேறினார். அதற்கு முன் பரதநாட்டியம், டென்னிஸ் என்று பலவற்றையும் தொட்டுப் பார்த்த பிள்ளை. 2014, 2018 ஆசிய விளையாட்டுகளில் இறங்கினார். 2020 ஜனவரியில் மயாமி உலகக் கோப்பையில் வெண்கலம். பாய்மர உலகக் கோப்பையில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில் ஹங்கேரியப் பயிற்சியாளர் தமாஷ் எசெஷிடம் பயின்றார். 2021 ஏப்ரலில் ஓமானின் முசன்னாவில் நடந்த தகுதிச் சுற்றின் வழியாக, பாய்மரத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். நடுவே எந்திரவியல் படிப்பும் ஓடியது.

மார்செயில் அதே பிரிவில் தங்கம் வென்றவர் நெதர்லாந்தின் மாரித் பவ்மேஸ்டர். அவருக்கு அது நான்காவது ஒலிம்பிக் பதக்கம். 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் நாடு அது. பாய் விரித்து இங்கே வந்தவர்கள் வீட்டில் இன்றும் பாய் விரிப்பது விளையாட்டாகத் தொடர்கிறது. நம் குப்பங்களில் பாய் இருந்த இடத்தில் எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. ஆனால் வாடைக்காற்றும் கொண்டல்காற்றும் எப்போது திரும்பும் என்ற கணக்கு ஆண்களிடம் இருக்கிறது. பெண்கள் பெரும்பாலும் மீன் விற்கவும் கருவாடு போடவும்தான். இருளர் பெண்கள் ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிப்பார்கள். படகு அவர்கள் கைக்கு வருவது அபூர்வம்.

ஏழைப் பிள்ளைக்குப் பாய்மரம் எட்டாத விளையாட்டு என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சிறுமியர் ஐஎல்சிஏ 4 பிரிவில் வெள்ளி வென்ற நேகா தாக்கூர், மத்தியப் பிரதேசம் தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள். கடலே இல்லாத மாநிலம். போபால் ஏரிக்கரையில் உள்ள தேசியப் பாய்மரப் பள்ளியில் பயின்றவர். பழவேற்காடு ஏரி அப்படிப்பட்ட பயிற்சிக்கு ஆகாது, பல இடங்களில் கோல் ஊன்றித் தள்ளும் ஆழம்தான். பந்தயப் படகின் அடிப்பலகை சேற்றில் குத்தி நின்றுவிடும். முகத்துவாரத்துக்கு வெளியே கடல் இருக்கிறது, தெற்கே எண்ணூரிலும் சென்னையிலும் துறைமுகங்கள் இருக்கின்றன. போபாலில் இருப்பது போன்ற ஒரு பள்ளியும் விடுதியும் இந்தப் பக்கம் வந்தால், முதல் வகுப்பில் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்கக் குப்பத்திலேயே ஆள் கிடைப்பார்கள்.