நெடுவாசல் மண்ணுக்கு அடியில்...

ஆலங்குடிச் சீமையில் ஆழ்குழாய்க் கிணறு போடும் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை அடி செம்புறாங்கல், எங்கே களி, எங்கே மணல் என்று மளமளவென்று சொல்லுவார். புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கே கெட்டிப் பாறை. கிழக்கே கடலை நோக்கிப் போகப் போக மணற்கல்லும் களியும் அடுக்கடுக்காகக் கனத்துக்கொண்டே போகும். அந்த மணலடுக்கில் நிற்கிற நீர்தான் வடகாட்டுப் பலாவும் வாழையும். அதுதான் கீரமங்கலத்துப் பூ.

அந்த நீருக்கும் வெகு ஆழத்தில் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றன. 2017 பிப்ரவரி 15-ல் மத்திய சர்க்கார் நாடெங்கும் 31 இடங்களில் ஹைட்ரோகார்பன் எடுக்க அனுமதி கொடுத்தது. நெடுவாசல் அதில் ஒன்று; கிடைத்தது கர்நாடகத்து ஜெம் லேபரட்டரீஸ் கம்பெனிக்கு. மறுநாளே ஊர் திரண்டு உட்கார்ந்தது. மார்ச் 27-ல் டில்லியில் கையெழுத்துப் போட்டார்கள். ஏப்ரல் 12-ல் மக்கள் மீண்டும் பந்தலுக்கு வந்து அக்டோபர் வரை எழுந்திருக்கவில்லை. 2020 பிப்ரவரியில் சென்னைச் சட்டசபை, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களும் அதில் அடங்கின.

வெற்றிதான், மறுக்கவில்லை! ஆனால் அந்தச் சட்டம் தடுப்பது புதிய கிணற்றை. முன்பே தோண்டப்பட்டவை? நல்லாண்டார்கொல்லையிலும் வடகாட்டிலும் கோட்டைக்காட்டிலும் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகம் துளைத்த சோதனைக் கிணறுகளைக் காட்டித்தானே மக்கள் போராடினார்கள்? இன்னொன்றையும் கேளுங்கள். அதே 2020-ல், ஜனவரி 16-ந் தேதி, மத்திய சர்க்கார் ஒரு அறிவிக்கையை மெள்ள வெளியிட்டது. எண்ணெய் தேடித் துளைப்பதற்கு இனிச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் வேண்டாம், மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டாம் என்றது. மறு ஆண்டு ஜூனில் வடதெரு வட்டாரத்தை ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

"அப்படியானால் தொழிலே வேண்டாம் என்கிறீர்களா?" என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். வேலையில்லாத வாலிபர்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிற மாவட்டம் இது, கேள்வி நியாயமானது. ராணிப்பேட்டையைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். தோல் பதனிடும் ரசாயனம் செய்து வந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1995-ல் மூடப்பட்டது. தொழிலாளியின் வேலை போயிற்று, முதலாளியும் போனார். போகாமல் தங்கியது குரோமியக் கழிவு, இரண்டு லட்சம் டன்னுக்கு மேல்! மழை அதன் மேல் விழுந்தது. மஞ்சள் நீராய் மண்ணுக்குள் இறங்கியது. பாலாற்றுப் படுகையின் கிணறுகளுக்கு ஆபத்தாயிற்று. ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் அந்த விஷம் எந்தத் திசையில் நகர்கிறது என்று ஆராய்ந்தார்கள். எப்போது? எல்லாம் நடந்த பிறகு! ஆலைக்கு அஸ்திவாரம் போடும் நாளிலல்லவா அது நடந்திருக்க வேண்டும்?

அந்த ஆராய்ச்சி நமக்கு எட்டாத வித்தையல்ல. ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றின் நீர்மட்டத்தையும் ஒரே பொது மட்டத்திலிருந்து அளந்தால், தண்ணீர் பூமிக்கடியில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரிந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்கு! அடுத்து, நான்கு இரும்புக் கம்பிகளைத் தரையில் நட்டு, வெளிக் கம்பிகள் இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள் கம்பிகள் இரண்டில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். பாறை மின்சாரத்தைத் தடுக்கும். களி எளிதில் விடும். உப்பு நீரும் அப்படியே விடும். ஆகவே களியா, உப்பு நீரா என்று கம்பி மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. துளையிட்டு மண்ணை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். எந்திரம் சொன்னது என்று ஒரு காகிதத்தை நீட்டினால், துளை எங்கே போட்டீர்கள் என்று கேளுங்கள்.

எண்ணெய்க் கிணறு நன்னீர் மணலை ஊடுருவித்தான் கீழே போகிறது. இரும்புக் குழாயை இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே சிமெண்டு ஏற்றுவார்கள். நம் குடிநீருக்கும் ஆழத்து உப்பு நீருக்கும் எரிவாயுவுக்கும் இடையே நிற்கும் சுவர் அதுதான். கிணற்றை மூடினாலும் சுவர் காலமெல்லாம் நிற்க வேண்டும். சிமெண்டு வெடிக்காது, இரும்பு துருப்பிடிக்காது என்று எந்தக் கொத்தனாராவது, எந்தக் கொல்லராவது சத்தியம் செய்வாரா?

ஆகவே கேட்க வேண்டியது இதுதான். அந்தச் சோதனைக் கிணறுகள் ஒவ்வொன்றையும் சுற்றி, நீர் வரும் பக்கம் ஒன்றும் போகும் பக்கம் இரண்டுமாகக் கண்காணிப்புக் குழாய்கள் போட வேண்டும். துளைப்பதற்கு முன்பு எடுத்த நீர் அளவு இருந்தால் வெளியிடட்டும். இல்லையென்றால் மேல்பக்கத்து நீரையும் கீழ்பக்கத்து நீரையும் ஒப்பிட்டாவது பார்க்கட்டும். உப்பு, பேரியம், பென்சீன் மூன்றையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் அளக்கிறது. அதே மாதங்களில் இதையும் செய்யலாம். செலவு எண்ணெய்க் கழகத்தினுடையது. முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதி வைக்க ஒரு வாளிச் சுண்ணாம்பு போதும். அதை வேண்டுமானால் நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம்.