கருவுற்ற காலத்தில் மனச்சோர்வும் உடற்பயிற்சியும்

கருவுற்ற தாய்க்கு வாந்தி, மயக்கம், கால்வீக்கம் ஆகியவை உண்டா என வினவுவது எங்கும் வழக்கமாகிவிட்டது. அவளுடைய உள்ளம் எவ்வாறுள்ளது என வினவுவோர் மிகச் சிலரே. மகப்பேறு மகிழ்ச்சிக்குரியது, ஆதலின் கருவுற்றவளுக்கு வருத்தம் இராது எனப் பலரும் எண்ணிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வளரும் நாடுகளில் கருவுற்ற தாய்மாருள் நூற்றுக்கு 15.6 பேர் மனநலக் குறைவுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர்.

இதனைக் கண்டறிதல் எளிதன்று. களைப்பு, பசிக்குறைவு முதலியன கருவுற்ற காலத்தில் இயல்பாகவும் தோன்றக்கூடியவை. எனவே, 1987-ஆம் ஆண்டில் வெளியான எடின்பரோ அளவுகோலின் 10 வினாக்கள், கடந்த 7 நாட்களில் உள்ளம் இருந்த நிலையையே முதன்மையாக ஆராய்கின்றன. சிரிக்க முடிந்ததா, காரணமின்றி அச்சம் எழுந்ததா, அழுகை வந்ததா என்பன அவற்றுட் சில. தனக்குத்தானே தீங்கிழைத்துக்கொள்ளும் எண்ணம் எழுந்ததா என்பது இறுதி வினா. பேறுகாலத்திற்குப் பின் பயன்படுத்துவதற்கென அமைந்த இவ்வளவுகோல், இன்று கருவுற்ற காலத்திலும் கையாளப்படுகிறது.

மனச்சோர்வு நேராமல் காப்பதில் உடற்பயிற்சிக்கு இடமுண்டு. முறையான பயிற்சி கருவுற்ற காலத்து மனச்சோர்வுக்கான வாய்ப்பைக் குறைக்கிறது என்று கனடா நாட்டு மருத்துவ வழிகாட்டி 2019-இல் எடுத்துரைத்தது. மருத்துவத் தடை இல்லாத தாய்மார் வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான பயிற்சி செய்தல் நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. நாளொன்றுக்கு 30 நிமிடமாக, வாரத்தில் 5 நாட்கள் நடந்தால் இவ்வளவு நிறைவுறும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட இயலாது. இதுவே மிதமான பயிற்சிக்கு அடையாளம். பழக்கமில்லாதவர் 10 நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மாமியாரோ அண்டை வீட்டாரோ உடன் நடந்தால் தனிமையும் நீங்கும்.

ஆயினும் இவ்வறிவுரை எல்லோர்க்கும் ஒன்றன்று. நாள் முழுதும் நாற்று நட்டும் செங்கல் சுமந்தும் திரும்புபவளுக்கு வேண்டுவது ஓய்வும் உணவுமேயன்றி மேலும் நடையன்று. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் நூற்றுக்கு 52.2 பேர் இரத்தசோகை உடையவர்கள். கடும் இரத்தசோகை, உதிரப்போக்கு, பேறுகால இரத்த அழுத்த நோய் ஆகியவை உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் பயிற்சி செய்தலாகாது. நடக்கையில் மார்புவலி, தலைச்சுற்றல், உதிரம் அல்லது நீர் கசிதல் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெறவேண்டும்.

நடை ஒரு துணையே, சிகிச்சைக்கு மாற்றன்று. வருத்தமும் ஈடுபாடின்மையும் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். முன்பே மருந்து உட்கொள்பவர் அதனைத் தாமாக நிறுத்தலாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருத்தி வெளியிட்டால், அவளைத் தனியே விடாது அன்றே சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தல் கடமையாகும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கும்.

கிராமச் செவிலியரும் அங்கன்வாடி ஊழியரும் ஆசிரியரும் தாய்மாரை அடிக்கடி காண்பவர்கள். எடையையும் இரத்த அழுத்தத்தையும் குறிக்கும் வேளையில், “மனம் எப்படியிருக்கிறது அம்மா?” என்று ஒரு வினாவைச் சேர்த்துக் கேட்டு, விடைக்குச் சற்றுக் காத்திருப்பது அவர்களால் இயலும். அவ்வினாவுக்குச் செலவு ஏதுமில்லை. அதனால் தாயும் சேயும் காக்கப்படலாம்.