சிங்க்கை நகர்த்தும் முன்

சமையலறையைப் புதுப்பிக்கிறவர்கள் கிரானைட் நிறத்துக்காக நாலு கடை ஏறி இறங்குவார்கள். சிங்க் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கார்பென்டர் பெட்டிகளைப் பொருத்தி, மேலே கல்லும் உட்கார்ந்த பிறகுதான் பிளம்பருக்குப் போன் போகிறது. கை நுழையாத சந்தில் அவர் எதையோ செருகி, எதையோ ஒட்டிவிட்டுப் போகிறார். ‘புது கிச்சன் போட்டோம், தண்ணி எதுக்களிக்குது’ என்ற புலம்பல் பெரும்பாலும் இந்தத் தலைகீழ் வரிசையில்தான் தொடங்குகிறது.

சிங்க்கை எந்தச் சுவருக்கு வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியே இறங்கும் குழாய் பழைய இடத்திலேயேதான் நிற்கும். ஜன்னலோரத்து சிங்க் எட்டு அடி தள்ளிப் போனால், அந்த எட்டு அடிக்கும் வாட்டம் வேண்டும். நாற்பதுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய இரண்டரை அங்குல இறக்கம். இரண்டு அங்குலக் குழாயின் பருமனையும் சேர்த்தால் நாலரை அங்குலம் ஆகிறது. பெட்டிக்கு அடியில் கார்பென்டர் விடும் இடமோ நாலு அங்குலம். ஆகவே குழாயை மட்டமாகப் படுக்க வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் போய்விடும், சோறும் எண்ணெய்ப் பிசுக்கும் போகாது. பெட்டி அளவு எடுக்கும் நாளிலேயே பிளம்பரும் ரசமட்டத்தோடு பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது இதனால்தான். குழாய் திரும்பும் இடங்களில் டோர் பெண்ட் போட்டு, அதன் மூடிக்கு நேராகப் பெட்டியின் முதுகில் ஒரு ஜன்னல் வெட்டச் சொல்லுங்கள். கார்பென்டர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இரட்டைத் தொட்டி சிங்க் என்றால் இரண்டு கப்ளிங்கிலிருந்தும் வரும் குழாய்களை ஒரு டீயில் சேர்த்து, அதற்குக் கீழே ஒரே டிராப் (தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) போதும். தொட்டிக்கு ஒன்று, கீழே இன்னொன்று என்று போட்டால் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு தண்ணீர் தயங்கித் தயங்கித்தான் இறங்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாயை மேடைக்கல்லின் அடிவரை தூக்கி வளைத்துவிட்டு இணைக்க வேண்டும். இல்லையென்றால் சிங்க்கின் கழிவு அதற்குள் திரும்பிப் போகும். சிங்க்கிலிருந்து இறங்கும் வளையும் குழாயை மூணு இஞ்ச் பைப்பின் வாயில் சும்மா செருகி வைப்பது நம் ஊர் வழக்கம். அந்த இடுக்கு வழியாகத்தான் கரப்பானும் நாற்றமும் வருகின்றன. அடைத்துக்கொண்டால் தண்ணீரும் அதே வழியாகப் பெட்டிக்குள் கொட்டி, பலகையை அப்பளம்போல் உப்ப வைக்கிறது. அந்த வாய்க்கு அளவான ரப்பர் வளையம் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது.

வேலை முடிந்த சில நாட்களிலேயே அடைத்துக்கொண்டால், பாத்திரம் தேய்ப்பவரைத் திட்டுவதற்கு முன் கொத்தனாரின் சட்டியை நினைத்துப் பாருங்கள். பழைய சிங்க்கைக் கழற்றியதும் குழாய் வாயைப் பிளந்தபடி நிற்கிறது. டைல்ஸ் இடுக்குக்குக் கரைத்த ஒயிட் சிமெண்ட், கல் அறுத்த மாவு, சாந்துச் சட்டி அலம்பிய தண்ணீர் எல்லாம் அதற்குள் போகின்றன. சிமெண்ட் காய்ந்து இறுகுகிற பொருளே இல்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுவது. டிராப்பில் எப்போதும் தண்ணீர் நிற்பதால், அடியில் படிந்து சாவகாசமாகக் கல்லாகிவிடும். அதை ஸ்பிரிங் விட்டும் எடுக்க முடியாது, ஆசிட் ஊற்றியும் கரைத்துத் தீராது. குழாயை அறுத்து மாற்ற வேண்டியதுதான். முதல் நாளே ஒரு எண்ட் கேப்பை மாட்டியிருந்தால் இந்தச் செலவே இல்லை.

மற்ற அடைப்புகளில் நம் சமையலுக்குப் பெரிய பங்கு உண்டு. முன்பெல்லாம் வடித்த கஞ்சி மாட்டுக்குப் போகும். இப்போது கொதிக்கக் கொதிக்க சிங்க்கில் இறங்குகிறது. பிவிசி குழாய் 80 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். கஞ்சியின் சூடோ அதற்கும் மேல். ஆறினால் அதுவே பசை. தோசைக்கல் எண்ணெயும் அதில் சேர்ந்தால் கேட்க வேண்டாம். 2017-இல் லண்டன் ஒயிட்சேப்பல் தெருவின் பாதாளச் சாக்கடையில் கொழுப்பும் ஈரத்துடைப்பான் தாள்களும் சேர்ந்து 250 மீட்டர் நீளத்துக்கு இறுகிக் கிடந்தன. எடை சுமார் 130 டன். அதில் ஒரு துண்டை அருங்காட்சியகத்தில்கூட வைத்தார்கள்.

அடைத்துவிட்டால் எதையும் திறப்பதற்கு முன், தண்ணீர் எங்கே ஏறுகிறது என்று பாருங்கள். ஒரு தொட்டி மட்டும் தேங்கினால் கோளாறு டீக்கு முன்னால். இரண்டும் சேர்ந்து ஏறினால் டிராப்பிலோ அதற்கு அப்பாலோ. தண்ணீர் இறங்கும்போது களக் களக்கென்று சத்தம் வந்தால், மொட்டைமாடியில் குழாயின் காற்றுவாயை யாராவது மூடிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். பிளம்பரை அழைப்பதாக இருந்தால் அடைப்பு நீக்கும் பவுடரைக் கொட்டாதீர்கள். டிராப்பைக் கழற்றும் அவர் கையில்தான் அது வழியும். பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் வருவது குளோரின் வாயு.

உங்கள் குழாயைத் திறக்காதபோதே தரைத்தள சிங்க்கில் நுரை பொங்கினால், அது மாடி வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீர். அடைப்பு பொதுக் குழாயிலோ சேம்பரிலோ இருக்கிறது, செலவு அசோசியேஷனுடையது. சேம்பரைத் திறக்கும்போது ராடோ இயந்திரமோதான் உள்ளே இறங்க வேண்டும். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவரை இறங்கச் சொன்ன அசோசியேஷன் செயலாளரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.