வாத்துக்காகச் சதுப்பு நிலத்தை வாங்கிய சீமான்கள்!

வாத்து சுடுவதற்கு என்றே ஒரு கிளப். அந்தக் கிளப்புக்குச் சொந்தமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சதுப்பு நிலம். அதில் சேரப் பணம் மட்டும் இருந்தால் போதாது. ஏற்கெனவே உள்ள உறுப்பினர்கள் தலையை அசைக்க வேண்டும்!

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட கிளப்புகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குப் பெயர் போன இடம் கரிடக். வடக்கு கரோலினா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள ஒரு காயல் அது. கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீண்ட மணல் திட்டு. தண்ணீர் அதிக ஆழம் இல்லை. பல இடங்களில் ஆள் இறங்கி நிற்கலாம்.

கதவை மூடிய கடல்

முன்பு இந்தக் காயலுக்குள் கடல் தண்ணீர் வந்து போய்க் கொண்டு இருந்தது. 1828-ம் ஆண்டு மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டுவிட்டது. உப்புத் தண்ணீர் வரத்து நின்றது. சிப்பிகள் செத்தன. கப்பல் வரும் வழியும் போயிற்று. ஊர் மக்கள் தலையில் கை வைத்துக் கொண்டார்கள்.

ஆனால் உப்பு குறைந்த தண்ணீரில் புதிய புல் வகைகள் முளைத்தன. வாத்துக்கு அதைவிட விருந்து வேறு இல்லை. கனடாவில் பனி கொட்டத் தொடங்கியதும், காட்டு வாத்துகளும் அன்னங்களும் கூட்டம் கூட்டமாக இங்கே வந்து இறங்கின.

செய்தி நியூயார்க்குக்குப் போயிற்று. அங்கே இருந்த வியாபாரிகள் சிலர் சேர்ந்து 1857-ல் சதுப்பு நிலத்தை விலைக்கு வாங்கி, "கரிடக் வேட்டை கிளப்"பைத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். அதுவரை ஊர்க்காரன் தன் இஷ்டப்படி படகு விட்ட இடங்களில், "அந்நியர் நுழையக் கூடாது" என்ற பேச்சு வந்துவிட்டது!

தண்ணீரில் ஒரு சவப்பெட்டி

கிளப் வேட்டைக்குச் சில சம்பிரதாயங்கள் உண்டு. யார் எந்த மறைவிடத்தில் உட்காருவது என்பதை முதல் நாள் இரவே சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். விடியும் முன் படகில் கிளம்ப வேண்டும். படகு தள்ளுகிறவர் உள்ளூர் ஆள். எந்தக் காற்றுக்கு வாத்து எந்தப் பக்கம் வரும் என்று அவருக்குத்தான் தெரியும். சீமான் சுடுவார், இவர் எடுத்து வருவார். மாலையில் எத்தனை வாத்து என்பதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள்.

"பாட்டரி" என்று ஒரு கருவி இருந்தது. மின்சார பாட்டரி அல்ல. சவப்பெட்டி போன்ற ஒரு மரப்பெட்டி. சுற்றிலும் அகலமான பலகை. பலகை மேல் இரும்பு வாத்துப் பொம்மைகளை வைத்துப் பாரம் ஏற்றினால், பெட்டி தண்ணீர் மட்டத்துக்கு அமிழ்ந்து நிற்கும். வேட்டைக்காரர் அதற்குள் மல்லாந்து படுத்துக்கொள்வார். நடுக்காயலில் ஆள் இருப்பதே தெரியாது. கொஞ்சம் பெரிய அலை அடித்தால் பெட்டிக்குள் தண்ணீர்!

சுற்றிலும் மர வாத்துகளை மிதக்க விடுவார்கள். இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்கும் இந்தத் தந்திரம் நமக்குப் புதிது அல்ல. நம் வேடர்கள் இதைப் "பார்வை" வைப்பது என்பார்கள். கரிடக்கில் உயிருள்ள பறவைகளையும் பார்வை வைத்தார்கள். தாயைத் தண்ணீரில் கட்டிப் போடுவார்கள். குஞ்சுகள் மேலே பறக்கும். தாய் கூப்பிடும். குஞ்சுகளோடு காட்டுக் கூட்டமும் சேர்ந்து இறங்கும். அப்புறம் துப்பாக்கி பேசும்.

பீப்பாயில் போன வாத்து

சீமான்கள் மட்டும்தான் சுட்டார்களா? இல்லை. 1859-ல் ஒரு கால்வாய் வெட்டிக் கரிடக்கை நார்போக் துறைமுகத்தோடு இணைத்தார்கள். அது முதல் ஊர்க்காரர்கள் சுட்ட வாத்துகள் பீப்பாய்களில் அடைபட்டுப் பெரிய நகரங்களுக்குப் போயின. ஓட்டல்களில் காட்டு வாத்துக்கு ஏக கிராக்கி. மீனவனுக்குக் குளிர்காலத்தில் அடுப்பு எரிந்தது அந்தக் காசில்தான்.

வாத்து குறையாமல் என்ன செய்யும்? 1916-ல் அமெரிக்காவும், கனடாவுக்காகப் பிரிட்டனும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1918-ல் சட்டம் வந்தது. வலசை போகும் பறவைகளைச் சுட்டு விற்பது குற்றம் ஆயிற்று.

சட்டம் தேவையானதுதான். அது இல்லாவிட்டால் வாத்து மிஞ்சியிராது. ஆனால் பொழுதுபோக்குக்குச் சுட்டவருக்கு அனுமதி நீடித்தது. வயிற்றுக்குச் சுட்டவன் பிழைப்புப் போயிற்று. அவர்களில் பலர் கிளப்புகளில் காவல்காரர்களாகவும் படகோட்டிகளாகவும் ஆனார்கள்.

சீமான்களின் ஆடம்பரமோ குறையவில்லை. ரெயில்வே செல்வந்தர் எட்வர்ட் நைட், 1922 முதல் 1925 வரை செலவழித்துக் கரையிலே செப்புக் கூரை போட்ட ஒரு மாளிகை கட்டினார். அவர் மனைவி மேரி லூயிஸ் வேட்டைப் பிரியை. பெண் என்பதால் கிளப்புகள் அவரைச் சேர்க்க மறுத்தன என்றும், அந்த ரோஷத்தில் எழுந்ததே மாளிகை என்றும் அங்கே ஒரு கதை சொல்வார்கள். இன்று அது பொதுமக்கள் பார்க்கும் காட்சிசாலை.

சுட்டவரே காத்தார்

1930-களில் பெரிய வறட்சி. வாத்துகள் முட்டையிடும் வடக்குச் சதுப்புகள் வற்றின. கரிடக்கில் மக்கே தீவை 1918-ல் வாங்கி வேட்டையாடி வந்த ஜோசப் நாப் என்ற பத்திரிகை அதிபர் யோசித்தார். சுடுகிற இடம் இங்கே. பிறக்கிற இடம் கனடாவில். அமெரிக்க அரசாங்கத்தின் பணத்தை அங்கே செலவிட வழி இல்லை. ஆகவே வேட்டைக்காரர்களிடம் பணம் திரட்டிக் கனடாவின் சதுப்புகளைச் சீர்ப்படுத்த, அவருடைய அமைப்பின் முயற்சியால் 1937-ல் "டக்ஸ் அன்லிமிடெட்" பிறந்தது. உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் நாப் வாரிக் கொடுத்தார். 1951-ல் அவர் இறந்தார். 1960-ல் மக்கே தீவு பறவைகளின் காப்பகம் ஆயிற்று.

அதற்குள் 1934-ல் அரசாங்கமும் "வாத்து முத்திரை" வெளியிட்டது. வேட்டைக்குப் போகிறவர் 1 டாலர் கொடுத்து வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் சதுப்பு நிலம் வாங்கப்படும். முதல் முத்திரைக்குப் படம் வரைந்தவர் யார் தெரியுமா? பத்திரிகைகளில் கேலிச்சித்திரம் போட்ட டிங் டார்லிங்! 2015-ல் அதன் விலை 25 டாலராக உயர்ந்தது. 1935-ல் பாட்டரிப் பெட்டியும், உயிருள்ள பார்வை வைப்பதும், தானியம் தூவி மயக்குவதும் தடை செய்யப்பட்டன. 1991 முதல் நாடு முழுவதும் வாத்து வேட்டையில் ஈயக் குண்டும் கூடாது. தண்ணீரில் விழுந்த ஈயத்தைத் தின்று பறவைகள் செத்ததே காரணம்.

மர வாத்துக்கு வந்த யோகம்

வாத்தை ஏமாற்றச் செய்த பழைய மரப் பொம்மைகளுக்கு இப்போது வந்திருக்கும் மவுசு சொல்லி முடியாது. மாசசூசெட்சில் வாழ்ந்த எல்மர் குரோவெல் செய்த இரண்டு பொம்மைகள், 2007-ல் ஒவ்வொன்றும் 11 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்கு விலை போயின! செய்தவர் அப்போது உயிரோடு இல்லை.

1857-ல் தொடங்கிய முதல் கிளப்பின் பழைய கட்டிடம் 2003-ல் தீப்பிடித்து எரிந்து போயிற்று. கரையில் இப்போது உல்லாச விடுதிகள் நெருங்கிவிட்டன. குளிர்காலத்தில் வேட்டை மட்டும் நிற்கவில்லை. காயலில் மறைவிடம் போட லைசென்சு வேண்டும். அதைக் கொடுக்க உள்ளூரிலேயே ஒரு கமிஷன் இருக்கிறது. நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள ஊர்க்காரர்களுக்குள் இன்றும் போட்டிதான்.