வளைகோடு நேர்கோடாகும் விந்தை!

பொழிச்சலூர் மாணவர்களுக்கு விமான இரைச்சல் பழகிப்போன ஒன்று. மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்தில்தானே இருக்கிறது! அங்கே ஒரு விமானம் ஓடுபாதையில் ஓடத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். வினாடிகளின் எண்ணிக்கையை வர்க்கப்படுத்தினால், அது கடந்த தூரம் மீட்டரில் கிடைக்கும். சரியாக 10-ஆவது வினாடியில் அதன் வேகம் என்ன?

10 வினாடியில் 100 மீட்டர். 11 வினாடியில் 121 மீட்டர். ஆக, இந்த இடைவெளியில் சராசரி வேகம் வினாடிக்கு 21 மீட்டர். இடைவெளியை 0.1 வினாடியாகக் குறைத்தால் 20.1, 0.01 ஆக்கினால் 20.01. விடை 20-ஐ நெருங்குவதைக் கவனித்தீர்களா? இப்படி நெருங்கும் எண்ணையே 'எல்லை' என்கிறோம். 10-ஆவது வினாடியில் வேகம் 20 மீட்டர்; அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர்! இதுவே வகைக்கெழு.

கோள்களின் கணநேர வேகத்தைப் பற்றி 1150-இலேயே 'சித்தாந்த சிரோமணி' நூலில் பாஸ்கரர் எழுதினார். அவர் அதற்கு இட்ட பெயர் 'தாத்காலிக கதி'.

இதைக் கண்ணாலும் பார்க்கலாம். காசியோ நிறுவனம் 1985-இல் வரைபடக் கால்குலேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று கைப்பேசியில் ஜியோஜீப்ரா என்ற இலவசச் செயலியே அந்த வேலையைச் செய்யும். நம் விமானத்தின் வரைபடத்தை அதில் வரையுங்கள். கிடை அச்சில் நேரம், நெடு அச்சில் தூரம். 10-ஆவது வினாடிக்குரிய புள்ளியை மேலும் மேலும் பெரிதாக்குங்கள். என்ன விந்தை! வளைகோடு நேர்கோடுபோல் ஆகிவிடும். அதன் சாய்வு 20!

எல்லா வரைபடமும் இப்படி நிமிருமா? மட்டுச் சார்பை வரைந்து, அதன் கூர்முனையை எவ்வளவு பெரிதாக்கினாலும் முனை முனையாகவே நிற்கும். அங்கே வகைக்கெழு கிடையாது.

கருவியை முழுதும் நம்பலாமா? பத்து இலக்கங்கள் மட்டுமே கொள்ளும் கால்குலேட்டரில் இடைவெளியை 0.000000001 வினாடி ஆக்கிப் பாருங்கள். 10.000000001 என்பதில் பதினோரு இலக்கங்கள்! கருவி அதை 10 என்றே கொள்ளும். தூர வேறுபாடு சுழி, வேகமும் சுழி. ஓடும் விமானம் நிற்கிறது என்று சொல்லிவிடும்!

தாளும் பென்சிலும் ஏமாறுவதில்லை. சிறு இடைவெளியை 'ச' என்று கொள்ளுங்கள். (10 + ச)² − 100 = 20ச + ச². இதை 'ச'வால் வகுத்தால் 20 + ச. 'ச' சுழியை நெருங்க, விடை 20-ஐ நெருங்கும். கருவி காட்டியதற்கு இதுவே நிரூபணம்.

5-ஆவது வினாடியில் வேகம் என்ன? முதலில் தாளில் காணுங்கள். பிறகு கருவியில் சரிபாருங்கள்!